எந்த பஸ்ஸுக்குப் போவணும்?

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் பஸ்ஸில் எனக்கு ஒரே கேள்விதான். யாராவது ஒருவர் கேட்பார்.

"நர்ஸுக்கா படிக்கிற பாப்பா?"

"இல்ல மாமா. ஆஸ்பத்திரி நிர்வாகம்."

"அப்படின்னா ஊசி போடுவியா?"

"போட மாட்டேன்."

"மாத்திரை எழுதிக் குடுப்பியா?"

"அதுவும் இல்ல. ஆஸ்பத்திரி ஒழுங்கா நடக்குதான்னு பாத்துக்குற படிப்பு."

ஒருமுறை இப்படிக் கேட்டவர் பக்கத்து ஊர்க்காரர். காலுக்கடியில் உர மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தவர், வண்டி மலை வளைவில் திரும்பும்போது, "ஏன், அது தானா நடக்காதா?" என்றார்.

உண்மையைச் சொன்னால் நானும் அந்தப் படிப்பை விரும்பிச் சேரவில்லை. எனக்கு நர்ஸிங்தான் வேண்டும் என்றிருந்தது. கேட்ட இடத்தில் சீட்டு கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் இந்தப் பிரிவில் இடம் காலியாக இருந்தது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சு வந்துவிடும் என்று தெரியும். அதனால் கையெழுத்துப் போட்டேன். அப்பா என்னை விடுதியில் விட்டுவிட்டு, மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் வரும் என்று அன்றைக்கே மலையேறிவிட்டார்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள். அவள் கேட்டது மருந்தாளுநர் படிப்பு. அதற்கு வெளியூர் போக வேண்டும், அவள் அத்தா சம்மதிக்கவில்லை. அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "உனக்கும் கேட்டது கெடைக்கல, எனக்கும் கெடைக்கல. கெடைச்சத கெட்டியாப் புடிச்சிக்குவோம்" என்றாள். நாங்கள் சிநேகிதிகள் ஆனது அந்தப் பேச்சில்தான்.

பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். மருந்துக் கிடங்கை எப்படி வைப்பது, மருத்துவக் கழிவை எந்த நிறப் பையில் போடுவது, படுக்கைகளை எப்படிப் பங்கிடுவது என்று போகும். நான் அகராதியும் கையுமாகப் படித்தேன். மனசு ஒட்டவே இல்லை. இரண்டாம் வருடத்தில் காத்திருக்கும் நேரம் பற்றி ஒரு பாடம் வந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று படம் போட்டுப் பார்க்கும் பாடம். அந்தப் படத்தை வரையும்போது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

நான் பள்ளிக்கூட விடுதியில் இருந்த காலம் அது. அம்மாவுக்கு நடந்தால் மூச்சு வாங்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது அடிக்கடி உட்கார்ந்துவிடுவாராம். ஒருநாள் முதல் பஸ்ஸில் தனியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஓர் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் சாயங்காலம் வரும், வாங்கிக்கொண்டு மறுபடியும் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். சாயங்காலம் வரை இருந்தால் எங்கள் ஊருக்கு வண்டி கிடையாது. டவுனில் தங்குவதற்கு யாரும் இல்லை. அம்மா முடிந்த வரை பெஞ்சில் இருந்துவிட்டு, மதியத்துக்கு மேல் போகும் கடைசி வண்டியைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டார். அப்புறம் போகவே இல்லை.

அடுத்த முறை அம்மா கீழே வந்தது தன் காலில் அல்ல. கொல்லையில் மயங்கி விழுந்தவரைப் பெரியப்பா மகன்கள் கம்பில் போர்வை கட்டி ரோடு வரை தூக்கி வந்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். விடுதியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மாவின் உதடு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. கட்டில் பக்கத்தில் நின்று டாக்டர் கேட்டார்: "அன்னிக்கே டெஸ்ட் எடுத்திருக்கீங்க. ரிசல்ட் வாங்க வராம போனா நாங்க இன்னா பண்றது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சொன்னதில் தப்பில்லை. அம்மா செய்ததிலும் தப்பில்லை. அப்படியென்றால் தப்பு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வகுப்பில் அந்தப் படத்தை வரைந்த அன்றைக்குத்தான், இதைக் கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் நாம் படிக்கிறோமோ என்று முதல்முறை தோன்றியது. அதற்குப் பிறகு நான் வகுப்பில் தூங்கவில்லை.

மூன்றாம் வருடம் பயிற்சிக்காக எங்கள் இருவரையும் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கீழே புறநோயாளிகள் பிரிவு, லேப், மருந்துக் கடை. மேலே வார்டு. அங்கே மேனேஜராக இருந்தவர் சர்க்கரை ஆலையில் கிடங்கு பார்த்துவிட்டு வந்தவர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஆனால் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எங்களை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்.

மழைக்காலம். காய்ச்சல் கூட்டம். ஒருநாள் மலையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். காய்ச்சலில் கண் சிவந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். டாக்டர் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்தாகிவிட்டது. அந்த அக்கா என்னிடம் வந்து வந்து கேட்டார்: "மணி இன்னா ஆவுது பாப்பா? ரிசல்ட்டு இன்னும் வரலையா?"

"கொஞ்சம் இருங்கக்கா, வந்துடும்."

அதற்குள் மேனேஜர் என்னைக் கிடங்கில் கையுறைப் பெட்டிகளை எண்ணி வைக்கக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சு காலி. கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு டியூட்டி டாக்டரே வெளியே வந்தார்.

"டெங்கு மாதிரி இருக்கு. பிளேட்லெட் ரொம்பக் கம்மி. அட்மிட் பண்ணணும், ஆள் எங்க?"

அவர்கள் கொடுத்திருந்த போன் நம்பரைப் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அது வீட்டில் வைத்துவிட்டு வந்த போனாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பாதி ஊருக்கு சிக்னல் கிடையாது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பாங்க" என்றேன்.

என் சிநேகிதி ஏற்கெனவே ஸ்கூட்டி சாவியை எடுத்துவிட்டாள். "வாடி, எங்க அத்தா கடை வண்டி வெளிய நிக்குது."

பஸ் ஸ்டாண்டில் எங்கள் மலைக்குப் போகும் வெள்ளிமலை வண்டி நிற்கும் இடத்தில் மழைத்தண்ணீர்தான் தேங்கி நின்றது. பூக்காரம்மா, "இப்பத்தாம்மா போச்சு" என்று கை காட்டினார். சிநேகிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கச்சிராயபாளையத்துல டீக்கு நிப்பாட்டுவாங்களா?"

"நிப்பாட்டுவாங்க."

"ஏறு."

அன்றைக்கு அந்த ரோட்டில் நாங்கள் போன வேகத்தை இன்றைக்கும் அவள் அத்தாவிடம் சொல்லவில்லை. தூறல் முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. ஒவ்வொன்றையும் தாண்டும்போது கரும்புத் தோகை என் தோளில் உரசியது. கச்சிராயபாளையம் வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் டீ குடித்த கையோடு விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் முன்பக்கப் படியில் தாவி ஏறினேன்.

"அண்ணா, எறங்குங்க! ஆஸ்பத்திரியில இருந்து வரேன். ரத்தத்துல பிளேட்லெட் ரொம்பக் கம்மியா இருக்கு. டாக்டர் ஒடனே சேக்கணும்னு சொல்றாரு."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரம் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்தார். "ஒடம்பு வலிதான் பாப்பா. கசாயம் வச்சிக் குடிச்சா செரியாப் பூடும்."

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வூட்ல புள்ளைங்க தனியாக் கீதுங்கம்மா. நாளைக்கு மொத வண்டிக்கு வந்துடுறோம். சத்தியமா வந்துடுறோம்."

"நாளைக்கு வரைக்கும் வுடக் கூடாதுக்கா."

"புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குவா?"

கண்டக்டர் அவசரப்படுத்தினார். நான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "எங்கம்மாவும் இந்த வண்டியிலதான் ரிசல்ட்டு வாங்காம ஏறுனாங்க. அடுத்த தடவ போர்வையில போட்டுத் தூக்கிக்கினு வந்தாங்க. பொழைச்சது பெரிசு. எறங்குங்கக்கா."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அதே ஊர்ப் பெண் போலிருக்கிறது. "ஏய், புள்ளைங்கள நான் பாத்துக்குறேன். நீ மொதல்ல அவர இட்டுக்கினு எறங்கு."

இறங்கினார்கள். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் டவுன் பஸ் அங்கேயே நின்றது. அவர்களோடு நானும் ஏறிக்கொண்டேன். சிநேகிதி பின்னாலேயே ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு வந்தாள். அன்று இரவே அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்ததாம். வார்டில் இருந்ததால் பார்த்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துத் தேறி நடந்தே வெளியே போனார். போகும்போது என்னைப் பார்த்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

ஆனால் பஸ்ஸைத் துரத்திய மறுநாள் காலையிலேயே மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். பாராட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

"நேத்து நல்ல காரியம்தான் பண்ணீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா மேசைய வுட்டுட்டு ரெண்டு பேரும் போயிட்டீங்க. அந்த நேரத்துல வந்தவங்க யாருகிட்ட கேப்பாங்க? அப்புறம், ஒருத்தரோட ரிசல்ட்ட பஸ்ஸுல அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லியிருக்க. அது அவரு விஷயம். அத நீ வெளிய சொல்லலாமா? உங்க பாடத்துல இல்ல?"

இருந்தது. தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

"இன்னொன்னு கேக்குறேன். நாளைக்கும் ஒருத்தரு பெஞ்சுல இருந்து எழுந்து போவாரு. நாளான்னிக்கும் போவாரு. தெனமும் ஸ்கூட்டி எடுத்துக்கினு பஸ்ஸ தொரத்துவியா?"

முகம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டது சரி. அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியில்லை.

"தொரத்த மாட்டேன் சார். தொரத்த வேண்டியது இல்லாத மாதிரி பண்ணணும்."

அவர் லேசாகச் சிரித்தார். "பண்ணு, பாக்கலாம்" என்றார். நடக்காது என்கிற தொனியில்தான் சொன்னார். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த செமஸ்டரில் நாங்கள் செய்ய வேண்டிய ஆய்வுக்கு ஏற்கெனவே ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நோயாளிகளின் திருப்தி. முன்னால் படித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்திருந்தார்கள். கேள்வித்தாளைக் கொடுத்து டிக் வாங்கி, வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் கொடுத்தால் போதும். நான் துறைத் தலைவியிடம் போய்த் தலைப்பை மாற்ற வேண்டும் என்றேன்.

"டைம் இல்லம்மா. இது சரியா வரலைன்னா உன் டிகிரி தள்ளிப் போகும்."

"பரவால்ல மேடம். நான் இதத்தான் செய்யப்போறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே தயங்குகிறவள் நான். மேடம் என் சிநேகிதியைப் பார்த்தார். "நீயுமா?"

"ஆமா மேடம்" என்றாள். வெளியே வந்ததும் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "ஃபெயிலானா ரெண்டு பேரும் சேந்தே ஆவோம். தனியா உக்காந்து அழறதுக்கு இது மேல்."

அதன் பிறகு நான் காலையில் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போய் லேப் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரத்தம் எங்கிருந்து வருகிறது, எது முதலில் மெஷினில் போகிறது, ரிசல்ட்டை யார் எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். லேப் பொறுப்பாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை. "என் வேலைய ஸ்டூடண்ட்டு வந்து அளக்குறதா?" என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான் இருந்தேன்.

மலையிலிருந்து முதல் வண்டியில் வருகிறவர்கள் டாக்டருக்கு வெகு முன்னாடியே வந்துவிடுவார்கள். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். டாக்டர் வந்து, டோக்கன் வரிசைப்படி அவர்களைப் பார்த்து முடிப்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். அதற்குள் வார்டிலிருந்து வந்த ரத்தமெல்லாம் மெஷினில் வரிசை கட்டியிருக்கும். அது முடிந்துதான் கீழே உள்ளவர்களுடையது. சரி, வார்டு நோயாளிகள் படுத்துக் கிடப்பவர்கள், அவர்களுக்குத்தான் அவசரம் என்று முதலில் நினைத்தேன். பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே மத்தியானமே வந்துவிட்ட ரிசல்ட் எல்லாம் நர்ஸ் மேசையில் அப்படியே இருந்தது. டாக்டர் சாயங்காலம் சுற்றி வரும்போதுதான் அதைப் பார்க்கிறார். ரொம்ப மோசமாக உள்ளவர்களுக்கு மட்டும் உடனே போன் போகிறது.

கீழே வந்து ஸ்டூலை மடக்கிக்கொண்டு சிநேகிதியிடம் ஓடினேன். "மாத்திப் போட்டா யாருக்கும் நஷ்டமில்லடி! சீரியஸா இருக்குறவங்களோடத மொதல்ல போட்டுட்டு, பஸ்ஸுக்குப் போறவங்களோடத அடுத்துப் போட்டா போதும். வார்டுல மீதி இருக்குறவங்களுக்கு சாயங்காலம்தான வேணும்?"

என் சிநேகிதி கொஞ்சம் நிதானம். "ரத்தம் எடுக்கவே டாக்டர் எழுதணுமே? அவரு வரதுக்கு முன்னாடி யாரு எழுதுவா?"

"டியூட்டி டாக்டர் இருக்காரே. காய்ச்சல், தலசுத்தல்னு வரவங்களுக்கு எப்படியும் எழுதப்போற டெஸ்ட்ட அவரு காலைலயே எழுதலாம்."

மேனேஜர் கேட்டுவிட்டு முடியாது என்றார். டாக்டர்கள் வேலையில் தலையிட அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படியென்றால் பெரிய டாக்டரைப் பார்க்கிறோம் என்றேன். "பாரு. ஆனா நான் அனுப்புனேன்னு சொல்லாத."

பெரிய டாக்டர் மருத்துவமனையின் உரிமையாளர். அவரைப் பார்க்கப் பல நாள் முயன்றோம். ஆபரேஷன், கூட்டம், வெளியூர் என்று தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் அவர் ஆபரேஷன் முடித்துவிட்டு அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போனோம். ஆங்கிலத்தில் பேசத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. தமிழில் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டியூட்டி டாக்டர் எழுதுறது தப்பாப் போனா?"

"எந்த நோய்க்கு எந்த டெஸ்ட்டுன்னு நீங்களே முடிவு பண்ணிக் குடுங்க சார். அதுக்கு மேல அவரு எழுத வேணாம்."

காபி டம்ளரை வைத்தார். "திங்கக்கிழம மட்டும் செஞ்சி பாருங்க. கொழப்பம் வந்தா அன்னிக்கே நிறுத்திடுவேன்."

முதல் திங்கட்கிழமையே குழப்பம் வந்தது. மலையிலிருந்து வந்தவர்களைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, முதலில் லேபுக்கு அனுப்பினேன். டோக்கன் எடுத்து வெகுநேரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துவிட்டார். மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி. வெள்ளை வேட்டி, கணீர்க் குரல்.

"இன்னாமா நெனச்சிக்கினு கீற? நான் காலைலேந்து உக்காந்துக்கினு கீறேன். மலைக்காரங்களுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷலு?"

இன்னும் சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். "உன் ஜாதிக்காரங்கன்னு முன்னாடி வுடுறியா?" என்றார் ஒருவர். பெஞ்சில் இருந்த மலை ஆட்கள் தாமாகவே எழுந்து பின்னால் போய் நின்றார்கள். ஒரு வயதான அம்மா, "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல பாப்பா, அவங்கள அனுப்பு" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை முட்டியது. தூரத்தில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து காப்பாற்றுவார் என்று ஒரு கணம் பார்த்தேன். அவர் நகரவில்லை.

மேசையைச் சுற்றிக்கொண்டு அந்த விவசாயியிடம் போனேன்.

"ஐயா, நீங்க எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

"இன்னாது?"

"ஊருக்குத் திரும்ப எந்த பஸ்?"

"எங்களுக்கு எப்ப வேணா கெடைக்கும். ராத்திரி வரைக்கும் வண்டி ஓடுது."

"இவங்களுக்கு மதியத்துக்கு மேல ஒரே ஒரு வண்டிதாங்க. அத வுட்டா ராத்திரி பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும். உங்களுக்கும் வண்டி சீக்கிரம் போயிடும்னா சொல்லுங்க, இப்பவே உங்கள மொதல்ல அனுப்புறேன்."

அவர் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவர் சுதி கொஞ்சம் இறங்கியது. "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாயத் தொறந்து சொன்னாதான தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அப்போது ரிஷிவந்தியத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த அம்மா கையைத் தூக்கினார். "எங்க ஊருக்கும் ஒரே மினி பஸ்ஸுதாம்மா. அதுவும் சாயங்காலம் பூடும்." அவரையும் முன்னால் அனுப்பினேன்.

அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் சாப்பிடக் கூடப் போகாமல் பேசினோம். நான் செய்த பிசகு தெளிவாகத் தெரிந்தது. மலைக்காரர்கள் என்று பிரித்ததுதான். அது மற்றவர்களுக்குக் கோபம், இவர்களுக்குக் கூச்சம். மலையா, சமவெளியா என்று பார்க்கவே வேண்டாம். டோக்கன் கொடுக்கும்போதே எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்த பஸ்ஸுக்குப் போவணும்? பதிலைப் பொறுத்து வரிசை. தனிப் பெஞ்சு கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை அப்படியே கேட்டோம். சிலர் சிரித்தார்கள். "ஏம்மா, டிக்கெட் குடுக்கப்போறியா?" என்றார் ஒருவர். ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. அன்றைக்கு மலை வண்டி புறப்படுவதற்கு முன்பே, அதற்குப் போக வேண்டிய எல்லார் கையிலும் ரிசல்ட் இருந்தது. எல்லாரும் மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். கடைசி ஆள் மருந்துப் பையோடு படியிறங்கும்போது நானும் சிநேகிதியும் வாசலில் நின்று பார்த்தோம். அவள் என் கையை வலிக்கிற மாதிரி அழுத்தினாள்.

லேப் பொறுப்பாளர் சில வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே, பஸ்ஸுக்குப் போகிறவர்களுடைய ரத்தக் குப்பி உடனே தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டார். வேறு நிறத்தில் மூடி வாங்கலாம் என்று மேனேஜர் சொன்னார். மூடியின் நிறம் எந்த டெஸ்ட் என்று காட்டுவது, அதை மாற்றக்கூடாது, ஸ்டிக்கர்தான் ஒட்ட வேண்டும் என்றார் இவர். இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் வாக்குவாதம் செய்ததைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனிமேல் அது அவர்கள் வேலை.

திங்கட்கிழமைக்கு என்று தொடங்கியது எல்லா நாளைக்கும் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புதிதாக வருகிற வரவேற்பாளர்கள் கேட்க மறந்துவிடுவார்கள். மெஷின் பழுதாகும் நாளில் பழைய கதைதான். சில பரிசோதனைகளின் முடிவு சென்னையிலிருந்து வர வேண்டும், அதற்கு எந்த வரிசையும் உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு அவர்கள் ஊரிலேயே இருக்கும் கிராம நர்ஸ் வழியாகச் செய்தி சொல்லலாமா, நோயாளியின் சம்மதத்தை எப்படி வாங்குவது என்று இப்போதும் அலைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு அலுவலகங்களில் முடியாது என்றுவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் யோசிக்கலாம் என்றிருக்கிறார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எங்கள் ஆய்வைப் புரட்டிவிட்டு, "படங்கள் எல்லாம் ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார். என் சிநேகிதி, "பஸ் டைம் டேபிள் இருக்கு சார், கடைசிப் பக்கத்துல" என்றாள். தேறிவிட்டோம். அவள் மேற்படிப்புக்குச் சென்னை போனாள். இந்தமுறை அவள் அத்தாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற்றிவிட விழுப்புரம் வரை போனார்.

என்னை அதே மருத்துவமனையில் வரவேற்பு வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் நிர்வாக உதவியாளர் வேலை கேட்டேன். பெரிய டாக்டர், "உன்னை விட வயசுல மூத்தவங்களை வேலை வாங்கணும். முடியுமா?" என்றார். "லேப் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தவ சார்" என்றேன். சிரித்துவிட்டார்.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேனேஜர் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டார். சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. அன்று காலை போர்வெல் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மேலே டயாலிசிஸ் அறையில் ஆட்கள் படுத்திருந்தார்கள்; ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த மெஷினுக்குத் தண்ணீர் நிற்கவே கூடாது. தொட்டியில் உள்ள தண்ணீர் அவர்களுக்கு மட்டும்தான் தாங்கும். மற்ற எல்லாக் குழாய்களையும் அடைக்கச் சொன்னேன். வார்டில் கத்தினார்கள். தண்ணீர் லாரிக்காரர் சாயங்காலம்தான் வர முடியும் என்றார். இன்னொருவரைப் பிடித்தேன், அவரும் முடியாது என்றார். மூன்றாவது ஆளிடம் டயாலிசிஸ் என்றால் என்ன என்று போனிலேயே விளக்கிச் சொன்னேன். பாதி விளக்கத்தில், "வரேம்மா, குழாய நீட்டி வையி" என்று வைத்துவிட்டார்.

லாரி உள்ளே திரும்புவதற்கு வாசலில் நின்ற பைக்குகளை நகர்த்த வேண்டியிருந்தது. காவலாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன், இருவரும் ஒவ்வொரு பைக்காக இழுத்து ஓரம் போட்டோம். லாரி உள்ளே திரும்பித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது, மலை பஸ்ஸில் உர மூட்டைக்காரர் "ஏன், அது தானா நடக்காதா?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.